ஏழு நாள் மரக்குடிலும் எங்கள் வீட்டு மணியும்

"சார், உங்கள் பெயருக்குப் பரிசு விழுந்திருக்கிறது!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது அந்தத் தொலைபேசி. டோம்பிவிலி ஸ்டேஷன் பக்கத்தில் நடந்த ஒரு பொருட்காட்சியில் பெயரும் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பரிசை வாங்கிக்கொள்ள ஒரே ஒரு நிபந்தனை. கணவனும் மனைவியும் சேர்ந்து தாணேயில் ஓர் ஓட்டலுக்கு வர வேண்டும். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு விடுமுறைத் திட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். வாங்குவதும் வாங்காததும் நம் இஷ்டம்.

வாசக அன்பர்களில் பலருக்கு இந்த அழைப்பு வந்திருக்கும். வராதவர்களுக்கு இனிமேல் வரலாம். அதனால்தான் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன். எங்களை அழைத்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும் போட வேண்டிய கணக்கு ஒன்றுதான்.

ஓட்டலில் எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்த பெண் செம்பூர்க்காரி, நம் தமிழ்ப் பெண். எங்கள் பேச்சைக் கேட்டதும் "சார், மேடம்" போய் "அங்கிள், ஆன்ட்டி" ஆகிவிட்டது. கர்ஜத் பக்கம் மலையடிவாரத்தில் புதிதாக வரப்போகும் மரக்குடில்களின் படங்களைக் காட்டினாள். முன்னால் திண்ணை, பின்னால் ஓடை, மழைக்கால மேகம். வருடத்துக்கு 7 இரவு, 25 வருடம். "இன்னைக்கே கையெழுத்துப் போட்டா நாலு லட்சம் அங்கிள். நாளைக்குன்னா அஞ்சு லட்சம்."

என் மனைவி அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்யாணமாகி டோம்பிவிலிக்கு வந்து 31 வருடம் ஆகிறது. "லீவுன்னா ஊருதான். நமக்குன்னு ஒரு வாரம் எங்கயாவது போயிருக்கோமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது அவளே கேட்டாள்: "மணியைக் கூட்டிட்டுப் போலாமாம்மா?"

"யாரு ஆன்ட்டி, பேரனா?"

"இல்லம்மா, எங்க வீட்டு நாய்."

அந்தப் பெண் எழுந்து போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தாள். "ஒரு பிரச்சினையும் இல்ல ஆன்ட்டி, தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றாள். "அதை அப்படியே இந்தத் தாளில் எழுதிக் கொடும்மா" என்றேன். மறுபடியும் எழுந்து போனாள். இந்த முறை மேனேஜரே வந்தார். நிறையப் பேசினார், எழுதித் தரவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, பரிசாகக் கிடைத்த டிபன் டப்பா செட்டோடு வீடு திரும்பினோம். அடுத்த மூன்று நாள் மாலையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

டைம்ஷேர் வந்த கதை

ஒரு விடுதி அறையைப் பல குடும்பங்கள் வருடத்தின் வாரங்களாகப் பங்கு போட்டுக்கொள்வதுதான் டைம்ஷேர். 1960களில் ஐரோப்பாவில் தொடங்கிய யோசனை இது. சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் 1963இல் தொடங்கியது. ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ள வசதி செய்யும் ஆர்.சி.ஐ. நிறுவனம் 1974இல் அமெரிக்காவில் பிறந்தது.

நம் நாட்டில் 1986இல் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங், கொடைக்கானல், ஊட்டி போன்ற மலைவாசத்தலங்களை வைத்து இதைப் பிரபலமாக்கியது. 1996இல் மகிந்திரா குழுமம் கிளப் மகிந்திராவைத் தொடங்கியது. 2014இல் ஸ்டெர்லிங்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதாகத் தாமஸ் குக் இந்தியா அறிவித்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 25 வருடம் என்பது நீண்ட காலம். நமக்கு விற்றவரே கடைசிவரை நடத்துவார் என்று சொல்ல முடியாது. கை மாறினாலும் நம் உரிமை மாறாது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பணக் கணக்கு

எங்களிடம் சொன்ன தொகையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 4 லட்சத்தை 25 வருடத்துக்கு வகுத்தால் வருடத்துக்கு ரூ.16,000. ஏழு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு ரூ.2,286 தான். "இந்த விலைக்கு லோனாவாலாவில் ரூம் கிடைக்குமா அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் இரண்டு செலவுகள் அந்தக் கணக்கில் இல்லை.

ஒன்று, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். எங்களுக்குச் சொன்னது ரூ.15,000, 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.17,700. போனாலும் போகாவிட்டாலும் இதைக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் அறை பதிவு செய்ய முடியாது. வருடத்துக்கு 6 சதவிகிதம் ஏறினால் 12 வருடத்தில் இது இரட்டிப்பாகும். 25ஆவது வருடத்தில் ரூ.71,000ஐத் தாண்டும்.

இரண்டு, நம் பணத்தின் வட்டி. அதே 4 லட்சத்தை 7 சதவிகித வட்டியில் போட்டு, 25 வருடத்தில் அசலும் வட்டியும் தீரும்படி எடுத்தால் வருடத்துக்குச் சுமார் ரூ.34,300 கிடைக்கும். அதோடு முதல் வருடக் கட்டணம் ரூ.17,700ஐக் கூட்டினால் ரூ.52,000. ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய ரூ.7,430. சாப்பாடு தனி, பயணம் தனி.

கையில் பணம் இல்லாமல் மாதத் தவணையில் வாங்குகிறவர்களுக்கு இன்னும் கூடும். ரூ.80,000 முன்பணம் கொடுத்து, மீதி 3,20,000ஐ 15 சதவிகித வட்டியில் 48 மாதம் கட்டினால், மாதம் சுமார் ரூ.8,900. வட்டி மட்டும் ரூ.1,07,000க்கு மேல்.

ஓட்டல் வாடகையும் வருடா வருடம் ஏறத்தான் செய்யும் என்று அவர்கள் சொல்வது உண்மை. நாம் கொடுத்த 4 லட்சம் மறுபடி ஏறாது என்பதும் உண்மை. வருடம் தவறாமல் போகிற குடும்பத்துக்கு நாளடைவில் கட்டுப்படியாகலாம். "இது செலவில்லை அங்கிள், முதலீடு" என்றதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதலீடு என்றால் வேண்டாதபோது விற்றுப் பணமாக்க முடிய வேண்டும். பழைய உறுப்பினர் அட்டையைப் போட்ட விலைக்கு வாங்க ஆள் கிடைப்பது அரிது. வாங்கும்போது சொத்து, விற்கும்போது சீட்டு!

லீவுக் கணக்கு

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதுதான் முக்கியமான கணக்கு. நம் லீவு ஏற்கெனவே பங்கு போடப்பட்டுவிட்டது. மே மாதம் பள்ளி விடுமுறை என்றால் கல்யாணில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி ஒன்றரை நாள் பயணம். அம்மாவைப் பார்க்க, குலதெய்வத்துக்குப் பொங்கலிட, தங்கை மகள் சடங்கு, சித்தப்பா வீட்டுக் கல்யாணம். நடுவில் ஒரு துக்கச் செய்தி வந்தால் மிச்சமிருந்த லீவும் போச்சு.

நானும் மனைவியும் பழைய நாட்காட்டிகளை எடுத்து ஐந்து வருடத்தைப் புரட்டிப் பார்த்தோம். தொடர்ந்து ஏழு நாள், ஊருக்கல்லாமல் வேறு இடத்துக்குப் போயிருக்கக்கூடிய வருடம் அதிகபட்சம் மூன்று. ஐந்தில் மூன்று வருடம்தான் போக முடியும் என்றால் ஓர் இரவின் அடக்க விலை ரூ.7,430 இல்லை, ரூ.12,000ஐத் தாண்டுகிறது. பயன்படுத்தாத நாட்களைச் சேமித்து வைக்கலாம் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. எத்தனை வருடம் சேமிக்கலாம், சேமித்ததை எந்த மாதத்தில் எடுக்கலாம் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாதங்களுக்கும் நிறம் உண்டு. கிளப் மகிந்திராவில் ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பருவங்களைப் பிரித்திருக்கிறார்கள். விலை குறைந்த பருவத்தை வாங்கிவிட்டு, பிள்ளைகளின் மே விடுமுறையிலோ தீபாவளியிலோ போக ஆசைப்பட்டால் நடக்காது. மலிவான வாரம் எப்போது வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கும்போதுதான் வருகிறது.

மணியின் கணக்கு

2019 மழைக்காலத்தில் மான்பாடா ரோடில் நனைந்துகொண்டு நின்ற குட்டி எங்கள் மணி. மகளுக்குத் திருமணமாகி, மகனும் புனேயில் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் எங்களுக்குப் பேச்சுத் துணை அவன்தான். அவனை விட்டுவிட்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருக்க என் மனைவியால் முடியாது. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் வீட்டில் நாய் வளர்க்காதவர்களாக இருப்பார்கள்!

"செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்ற ஒரு வரியை நம்பிப் பெட்டியைக் கட்டக் கூடாது என்பது விசாரித்ததில் புரிந்தது. ஒரு நிறுவனத்துக்குப் பல ஊர்களில் விடுதிகள் இருக்கும். அனுமதி சிலவற்றில் மட்டும், அதிலும் சில அறைகளில் மட்டும் இருக்கலாம். சில இடங்களில் எடை வரம்பு உண்டு. இரவுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம், முன்பணம், தடுப்பூசிச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நாய்க்கு இடமில்லை. அறையில் தனியே விடவும் கூடாது என்றால், கணவனும் மனைவியும் ஒருவர் மாற்றி ஒருவர்தான் சாப்பிட வேண்டும்.

இந்த விதிகளில் சிலவற்றுக்கு நல்ல காரணம் இருக்கிறது. காட்டோரத்தில் நாய் சிறுத்தைக்கு எளிய இரை. போரிவலி தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதிகளில் சிறுத்தைகளின் உணவில் நாய்களுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கொடைக்கானலில் காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன. நாய் குரைத்து அது மிரண்டால் ஆபத்து மனிதர்களுக்கும்தான். ஆகவே வேலி உண்டா, இரவில் நாயை எங்கே படுக்க வைப்பது என்று நாமாகவே கேட்க வேண்டும்.

போய்ச் சேருவதும் எளிதில்லை. ரயில்வே விதிப்படி முதல் வகுப்பில் இரண்டு படுக்கையுள்ள கூபேயையோ நான்கு படுக்கையுள்ள கேபினையோ முழுவதும் நாமே பதிவு செய்திருந்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏ.சி.யிலோ ஸ்லீப்பரிலோ அனுமதி இல்லை. மற்றபடி பிரேக் வேனில் உள்ள கூண்டுதான். மூணாறிலும் ஊட்டியிலும் அறை இருந்து என்ன பயன்? மணியோடு நாங்கள் போகக்கூடிய இடம் காரில் இரண்டு மூன்று மணி நேரத் தூரத்துக்குள்தான்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. விடுதி கட்டி முடிந்துவிட்டதா, படம் மட்டும்தானா? முடியாவிட்டால் பணம் எப்போது திரும்பும்?

2. நிலம் நிறுவனத்துக்குச் சொந்தமா, குத்தகையா? குத்தகை என்றால் நம் 25 வருடத்துக்கு முன்பே முடிகிறதா?

3. ஆண்டுக் கட்டணம் எந்த அளவுக்கு ஏறலாம்? உச்சவரம்பு உண்டா?

4. பள்ளி விடுமுறைக்கு எத்தனை மாதம் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும்?

5. செல்லப்பிராணிகள் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா? நிறுவனம் அதைத் தன்னிச்சையாக மாற்றலாமா?

6. மனம் மாறினால் எத்தனை நாளுக்குள் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம்?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். 2008ஆம் ஆண்டு உத்தரவு அந்த உரிமையைத் தருகிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். வாயால் சொன்னது எதுவும் பிறகு கைகொடுக்காது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்களும் மனம் தளர வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நமக்குத் தாணே மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

பிறகு என்ன செய்தோம்?

நாலாவது நாள் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். விலை அதே நாலு லட்சம்தான்; "நாளைக்கு அஞ்சு லட்சம்" என்றது என்ன ஆயிற்றோ தெரியவில்லை. வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னேன். பாவம், அவளுக்கும் மாத இலக்கு இருக்கும்.

ஆனால் கணக்குப் போட்டு வேண்டாம் என்று சொன்னதோடு என் கடமை முடிந்துவிடவில்லை. மனைவி கேட்ட கேள்வி அப்படியேதான் இருந்தது. ஆகவே வங்கியில் மாதம் ரூ.2,500 போடும் ஆர்.டி. ஒன்றைத் தொடங்கினோம். இந்தப் பணத்தை ஊர்க் கல்யாணத்துக்கும் எடுக்கக் கூடாது, பிளாட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவும் எடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். போன ஜனவரியில் அதிலிருந்து இகத்புரி பக்கம் ஒரு சிறு வீட்டில் மூன்று இரவு தங்கினோம். நாய்க்கு அனுமதி உண்டு என்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்திருந்தார்.

மரக்குடில் இல்லை, ஓடையும் இல்லை. காலையில் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தோம்; காலடியில் மணி படுத்திருந்தான். "அடுத்த வருஷம் நாலு நாளா வருவோம்" என்றாள் மனைவி. வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் யாருக்கும் ரூ.17,700 கட்ட வேண்டியதில்லை.