மலையில் விளைவது எங்கே போகிறது?

இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் நான்குக்குக் கடற்கரை கிடையாது. அந்த நான்கில் மிக உயரமானது மத்திய மாகாணம். கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்கள், பரப்பு 5,674 சதுர கிலோமீற்றர், தலைநகரம் கண்டி. வடக்கே தம்புள்ளைப் பக்கம் வறண்ட சமவெளி, தெற்கே 2,524 மீற்றர் உயரப் பீதுருதாலகாலை. எந்த உயரத்தில் எது விளையும் என்பதை வைத்தே இங்கே பிழைப்பு நடக்கிறது.

கண்டி நகரம் சுமார் 500 மீற்றர் உயரத்தில், மகாவலி வளைந்தோடும் மலைக்கிண்ணத்தில் இருக்கிறது. கரையோரத்தைப் பிடித்த போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் இங்கிருந்த கண்டி இராச்சியத்தை அடக்க முடியவில்லை. 1815இல்தான் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதன்பின் கோப்பி வந்தது. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே 1867இல் கடுகண்ணாவை ஏறி ரயில் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பிடிக்க, மலையெல்லாம் தேயிலையானது. காடு வெட்டி, பாதை போட்டு, கன்று நட்டவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள்.

பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் சாக்குக்குள்ளேயே சூடேறிக் கெட்டுவிடும். தோட்டத்துக்குள்ளேயே தொழிற்சாலை கட்டியது அதனால்தான். மேல்மாடியில் பரப்பி வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, காய வைத்துவிட்டால் தூள் கெடாது. எவ்வளவு தூரமும் போகும். எனவே 1883 முதல் தேயிலை ஏலம் கொழும்பில் நடக்கிறது. கலப்பதும் பொதி செய்வதும் பெரும்பாலும் அங்கேதான். விலை கூடும் வேலைகள் மலையை விட்டு இறங்கிவிட்டன என்பதே இந்த மாகாணத்தின் பெரிய நட்டம்.

1,200 மீற்றருக்கு மேல் விளையும் நுவரெலியாத் தேயிலைக்கு வாசனையால் மதிப்பு. நாட்டின் தேயிலை விளைச்சலில் பாதிக்கு மேல் இன்று தாழ்நிலத்திலிருந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டு நலிந்தது கண்டியைச் சுற்றிய நடுமலைத் தேயிலை. ஆனால் இதே உயரம் வீட்டுத்தோட்டத்துக்கு வாய்ப்பானது. கிளிசீரியா மரத்தில் மிளகுக் கொடி, பக்கத்தில் கராம்பு, சாதிக்காய், பலா, தென்னை எல்லாம் ஒரே வளவில் நிற்கும். கராம்புக் காலத்தில் கண்டி, மாத்தளைப் பக்கத்து முற்றங்களில் பாய் விரித்து மொட்டுக் காய வைத்திருப்பார்கள். பச்சையும் சிவப்புமாக இருந்தது சில நாள் வெயிலில் கபிலமாகிவிடும்.

தண்ணீரும் தேயிலையைப் போலவே மலையை விட்டு வெளியே போகிறது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் 1976 முதல் மகாவலியின் ஒரு பகுதியைத் திருப்பி, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளைக்கு அனுப்புகிறார்கள். அங்கே மின்சாரம் தந்துவிட்டு, அந்த நீர் அநுராதபுரப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. கொத்மலை, விக்டோரியா அணைகள் 1985 முதல் நாட்டுக்கே மின்சாரம் தருகின்றன.

இவ்வளவும் தரும் மலையில் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது 2021இல்தான், அதுவும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. ஆறேழு தலைமுறை உழைத்தும் லயம் எனும் வரிசை வீடுகளில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் காணி இல்லை. வீட்டோடு மிளகு, கராம்பு நடுவதற்கு ஒரு துண்டு நிலமாவது உறுதியோடு அவர்கள் பெயருக்கு எழுதப்பட வேண்டும்.