ஓட்டா, மலையா? பி.டி. தாமஸின் அரசியல் வாழ்க்கை

வித்துராவில் குடியிருக்கும் நமக்குப் பொன்முடி மலை அன்றாடம் முகம் பார்க்கிற சொந்தக்காரர் மாதிரி. பேப்பாறை அணையில் தேங்கும் கரமனையாற்று நீரைத்தான் திருவனந்தபுரம் நகரத்துத் தமிழ்க் குடும்பங்களும் குடிக்கின்றன. 2013-ல் போணக்காடு எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர் என்னிடம், "ஏன் சார், காட்கில் அறிக்கை வந்தா நம்மளையெல்லாம் மலைய விட்டு எறக்கிருவாங்களாமே?" என்று கேட்டார். இதே பயம் பரவியிருந்த மாவட்டத்தில், அந்த அறிக்கைக்காக வாதாடித் தம் தொகுதியை இழந்தவர் பி.டி. தாமஸ்.

1950-ல் இடுக்கி மாவட்டம் உப்புதோட்டில் பிறந்தவர். மாணவர் இயக்கம் வழியாகக் காங்கிரசில் வளர்ந்து, 1991-லும் 2001-லும் தொடுபுழா சட்டமன்ற உறுப்பினரானார். 2009-ல் இடுக்கியின் நாடாளுமன்ற உறுப்பினர்.

மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-ல் தன் அறிக்கையை மத்திய அரசிடம் தந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, மிக நுட்பமான மண்டலத்தில் புதிய கல்குவாரி கூடாது என்றது. முடிவெடுப்பதில் கிராம சபைகளுக்கு இடம் வேண்டும் என்றது. குடியிருப்போரை வெளியேற்றச் சொல்லவில்லை. ஆனால் மலையோர மக்களிடம் போய்ச் சேர்ந்தது என்னமோ "வீடு போச்சு, நிலம் போச்சு" என்ற செய்திதான். 2013-ல் வந்த கஸ்தூரிரங்கன் குழுவின் தளர்த்திய அறிக்கைக்கே ஹர்த்தால் நடந்தது. தாமஸ் மட்டும் காட்கில் பக்கமே நின்றார். உயிரோடு இருந்த அவருக்குச் சவ ஊர்வலம் நடத்தினார்கள்.

பின்லாந்தில் 2002-ல் புதிய அணு உலைக்கு அனுமதி கிடைத்தபோது, அமைச்சர் சாத்து ஹாஸ்ஸியோடு பசுமைக் கட்சியே அரசிலிருந்து விலகியது. அங்கே ஒரு கட்சி துணை நின்றது. இங்கே தாமஸ் தனியாள். 2014-ல் இடுக்கியில் கட்சி அவருக்குச் சீட்டுத் தரவில்லை. வேறொருவரை நிறுத்தியும் தோற்றது. தாமஸ் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. 2016-லும் 2021-லும் எர்ணாகுளம் மாவட்டத்துத் திருக்காக்கரையில் வென்றார்.

2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அறிக்கையை ஏற்றிருந்தால் அது நடந்திராது என்று அடித்துச் சொல்ல நான் விஞ்ஞானியல்ல. ஆனால் மலை சரிந்தால் முதலில் மண்ணுக்குள் போவது லயத்து வீடு என்பதை மறக்கலாகாது.

2021 டிசம்பர் 22-ல் வேலூரில் தாமஸ் காலமானார். மலர்வளையம் வேண்டாம், மதச்சடங்கு வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். கொச்சியில் தகனம் நடந்தது. அஸ்தியின் ஒரு பகுதி உப்புதோட்டில் தாயாரின் கல்லறையில் வைக்கப்பட்டது.

அன்று அந்தப் பெரியவரிடம், "இல்ல அண்ணாச்சி, இறக்கச் சொல்லலை" என்று மட்டுமே சொன்னேன். மலை நின்றால்தான் நாமும் நிற்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தம் தொகுதி மக்களிடம் தாமஸ் சொன்னது அதைத்தான்.