சூரியத் தகடுக்குச் சூடு ஆகாது

சூரிய ஆற்றல் பாடம் நடத்தும்போது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மதுரையில் எந்த மாதம் சூரியத் தகடு நன்றாக வேலை செய்யும்?" வகுப்பே ஒரே குரலில் "கத்திரி வெயிலில்!" என்று சொல்லும். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் தகடுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்குப் பகை.

100 வாட் என்று தகட்டின் பின்புறம் அச்சிட்டிருப்பது ஆய்வகக் கணக்கு. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ, சிலிக்கான் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது கிடைக்கும் அளவு அது. மே மாத நண்பகலில் காற்று 39 டிகிரி என்றால், மொட்டைமாடித் தகடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். சூடு ஏற ஏறச் செல்லின் மின்னழுத்தம் குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் திறனில் ஏறத்தாழ 0.4 சதவீதம் போகும். 35 டிகிரி கூடினால் இழப்பு 14 சதவீதம். 100 வாட் தகடு 86 வாட்தான் தரும். வானம் தெளிந்து, வெயில் இன்னும் முற்றாத மாசி, பங்குனி நாட்களே தகடுக்கு உகந்தவை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரம் அடியோடு நின்றுவிடாது. மேகத்தில் சிதறி வரும் ஒளியிலும் தகடு வேலை செய்யும். கருமேகம் கவிந்தால் பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை கிடைக்கும். தூசியைக் கழுவிவிடுவதும் அதே மழைதான். மழை குறைந்த கமுதியில் அந்த உதவியை நம்பியிருக்க முடியாது. அங்கே 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையத்தின் சுமார் 25 லட்சம் தகடுகளைத் துடைக்கத் தானியங்கி இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள்.

மேகத்தைவிட மோசமானது நிழல். தகட்டில் செல்கள் தொடரிணைப்பில் இருக்கின்றன. வேப்பங்கிளையின் நிழல் ஓரிரு செல்களில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதிலும் மின்னோட்டம் தடைபடும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மீதிக்குக் கடன் வாங்கும் பெற்றோர் நம்மிடம்தான் யோசனை கேட்கிறார்கள். காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடியில் எங்கே நிழல் விழுகிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

தகட்டைத் தெற்கு நோக்கிச் சுமார் 10 டிகிரி சாய்க்க வேண்டும். மதுரையின் அட்சரேகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். சித்திரை பிறந்த ஓரிரு நாளில், பகல் 12.20 மணியளவில், இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வரும். கொடிக்கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்குவதை அன்று மாணவர்களுக்குக் காட்டலாம். ஆகஸ்டு கடைசி வாரத்தில் இது மறுபடியும் நிகழும்.

வகுப்பறைச் சோதனைக்கு 6 வோல்ட் சிறு தகடும் ஒரு மல்டிமீட்டரும் போதும். வெயிலிலிருந்து மர நிழலுக்குக் கொண்டுபோனால் மின்னோட்டம் சட்டென்று விழும். மின்னழுத்தம் கொஞ்சம்தான் குறையும். அரை மணி நேரம் வெயிலில் காய்ந்த தகட்டின் பின்புறம் ஈரத்துணியை ஒற்றினால் மின்னழுத்தம் மெல்ல ஏறும். இதைப் பார்த்த பையன்கள் வீட்டுத் தகட்டில் உச்சிவெயிலில் குளிர்ந்த நீரை ஊற்றக் கிளம்புவார்கள். கண்ணாடி விரிசல் விடக்கூடும் என்று முன்பே சொல்லிவையுங்கள். கழுவுவதாக இருந்தால் விடியற்காலையில்.