விற்றமினைப் பற்றும் புரதமும் அதனை அளத்தலும்

1928இல் பம்பாய் வந்த மருத்துவ ஆய்வாளர் லூசி வில்ஸ், புடவையாலைப் பெண்களின் கர்ப்பகாலச் சோகையை ஆராய்ந்து, மலிவான மதுவச் சாறாகிய 'மார்மைற்' அதனைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த காரணப்பொருளே பின்னர் போலிக்கமிலம் என அறியப்பட்டது. 1941இல் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டமையால் இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாற் பெயர்பெற்றது. நாள்முழுதும் இலை பறிக்கும் கந்தப்பளைப் பெண்ணுக்கு இப்பெயர் முரண்நகையாகத் தோன்றக்கூடும்.

இவ்விற்றமினைக் கலத்தின் மேற்பரப்பிற் பற்றும் புரதத்தை அளப்பது எங்ஙனம்? முதலிற் கலங்களை மென்னமிலத்தாற் கழுவி, ஏற்கெனவே பற்றியிருப்பதை அகற்றுவர். அகற்றாவிடின் நிறைந்த இடங்கள் கணக்கில் வாரா, அளவு குறைந்து தோன்றும். பின்னர், கதிர்வீசும் திரித்தியம் சேர்ந்த போலிக்கமிலத்தைக் குளிர்நிலையில் இடுவர். குளிரில் கலம் அதனை உள்ளிழுத்துக்கொள்ளாது. பற்றாததைக் கழுவி நீக்கி, எஞ்சிய கதிர்வீச்சை எண்ணுவர். இவ்வெண் முழுவதும் புரதத்துக்கு உரியதன்று. கண்டவிடத்தும் சிறிது ஒட்டியிருக்கும். ஆகவே இன்னொரு குழாயிற் குறியிடாத போலிக்கமிலத்தை மிகையாகச் சேர்ப்பர். அது உரிய இடங்களை நிரப்பிவிடுதலின், அங்கு எண்ணப்படுவது வீண் ஒட்டலே. அதனைக் கழிக்கவே உண்மையளவு பெறப்படும்.

பெறப்படுவது கலத்தின் ஏற்குந்திறன். ஏற்பதற்கு உணவில் ஏதேனும் இருந்ததா என்பதை எண்கருவி கூறாது. அதனை அறிய லயத்து அடுப்பையும் சம்பளச்சீட்டையும் பார்த்தல் வேண்டும். வில்ஸும் பம்பாயிற் பெண்களின் குருதியோடு அவர்தம் உணவையும் வாழ்நிலையையும் விசாரித்தே ஆய்வை நடத்தினார்.