எல்லைக்கோட்டைப் போடுவது எலியா? ஓநாய் ராஜ்ஜியங்களின் ரகசியம் தெரியுமா?

ஒரு ஓநாய்க் கூட்டம் பிழைக்க எவ்வளவு நிலம் வேண்டும்? எத்தியோப்பிய மலையில் 6 சதுர கிலோமீட்டர் இருந்தால் போதும். அலாஸ்காவில் பத்து ஓநாய்கள் கொண்ட ஒரு கூட்டம் வளைத்துப் போட்டிருந்த நிலமோ 6,272 சதுர கிலோமீட்டர்! ஆயிரம் மடங்கு வித்தியாசம்! ஏன் தெரியுமா?

முதலில் எத்தியோப்பியாவுக்குப் போவோம். ஆப்பிரிக்காவில் ஓநாயா என்று கேட்கிறீர்களா? ஆமாம்! 3,000 மீட்டருக்கும் மேலே, விடியற்காலையில் உறைபனி படியும் மலைப் புல்வெளிகள்தான் எத்தியோப்பிய ஓநாயின் வீடு. செம்பழுப்பு உடல், வெள்ளைத் தொண்டை, நீண்டு மெலிந்த முகம். இந்த நாட்டை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. வளர்ந்த ஓநாய்களைக் கணக்கெடுத்தால் 500கூடத் தேறாது! அதிலும் பாதிக்கு மேல் பாலே மலைகள் என்ற ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

அது என்ன சாப்பிடும் தெரியுமா? மானா, ஆடா? இல்லை, எலி! பாலே மலையில் அதன் இரையில் சுமார் 96 சதவீதம் எலி வகைகளே! அதிலும் ராட்சத அகழெலி என்றால் விருந்துதான். கிட்டத்தட்ட ஒரு கிலோ வரை எடை! பாலே பகுதிக்கு வெளியே இந்த எலியைப் பார்க்கவே முடியாது. மண்ணுக்குள்ளேயே காலம் தள்ளும் இதற்குக் கண்கள் தலையின் உச்சிக்கருகில் இருக்கின்றன. வளையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, அக்கம்பக்கம் பார்த்து, கைக்கெட்டும் புல்லை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஓநாய் என்ன செய்கிறது? வயிறு தரையில் உரச, அங்குலம் அங்குலமாக ஊர்கிறது. உறைந்து நிற்கிறது. தலை வெளியே வந்ததும் ஒரே பாய்ச்சல்! தப்பிவிட்டதா? விடாது, வளையையே தோண்டத் தொடங்கிவிடும்!

இந்த எலிகள்தான் ஓநாயின் எல்லையையும் முடிவு செய்கின்றன! எலிகள் மண்டிக் கிடக்கும் குட்டைப் புல்வெளியில் ஒரு கூட்டத்தின் எல்லை சராசரியாக 6 சதுர கிலோமீட்டர். எலி குறைந்த பகுதியிலோ 13.4! எல்லை இரட்டிப்புக்கு மேல் ஆகிறது, ஆனால் அங்கே வாழ்வது ஒரு ஜோடியோ சிறு குழுவோதான். நல்ல புல்வெளியில் சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஓநாய்க்கு மேல்கூட இருக்கும். புதர்க்காட்டில் 10 சதுர கிலோமீட்டருக்குத்தான் ஒன்று!

இதைவிட வியப்பான விஷயம் இருக்கிறது. இந்த ஓநாய் வேட்டைக்குப் போவது தனியாக! எலி பிடிக்கக் கூட்டாளி எதற்கு? அப்படியானால் ஏன் சராசரியாக ஆறு பேர் சேர்ந்து வாழ்கிறார்கள்? நிலத்தைக் காவல் காக்க! காலையும் மாலையும் மொத்தக் கூட்டமும் எல்லையோரம் ரோந்து போகிறது. புல்லிலும் கல்லிலும் சிறுநீர் தெளித்து, காலால் தரையைப் பிறாண்டி அடையாளம் வைக்கிறது. பக்கத்துக் கூட்டம் எதிரே வந்துவிட்டால் ஒரே கூச்சல், துரத்தல்! யார் ஜெயிப்பார்கள் தெரியுமா? ஆள்பலம் அதிகமுள்ள கூட்டம்தான், எப்போதும்! கூட்டம் பெருத்தால் எல்லையும் பெருக்கும். ஆனால் சும்மா நகராது. பக்கத்துக் கூட்டம் அழிந்தாலோ ஆள்பலம் வெகுவாக மாறினாலோதான் இந்தக் கோடுகள் இடம் மாறும்.

ஒரு கூட்டமே அழியுமா? அழியும்! காரணம் வெறிநோய். மேய்ப்பர்களோடு மலையேறும் நாய்களிடமிருந்து தொற்றுகிறது. 1990களின் தொடக்கத்திலும் 2003-லும் பாலேயில் நோய் தாக்கிய கூட்டங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று ஓநாய்கள் செத்துப்போயின! எல்லையைக் காக்க ஆறு பேர் இருந்த இடத்தில் ஒன்றிரண்டு பேர் மிஞ்சினால் அந்த நிலம் என்னாகும்? நினைக்கவே பதறுகிறது. அதனால்தான் 2018-இல் தொடங்கி, இறைச்சித் துண்டுக்குள் தடுப்பு மருந்தை மறைத்து ஓநாய்க்கே ஊட்டுகிறார்கள். ஊசி வேண்டாம், சாப்பிட்டாலே போதும்!

 

இப்போது ஒரேயடியாக வடக்கே தாவுவோம். கனடாவின் பனிப்புல்வெளி ஓநாய்கள் கரிபூ மான்களின் பின்னாலேயே அலைகின்றன. மான் நகர்ந்தால் ஓநாயும் நகர வேண்டும்! அங்கே ஆண் ஓநாய் ஆண்டு முழுவதும் சுற்றும் பரப்பின் சராசரி எவ்வளவு தெரியுமா? 63,058 சதுர கிலோமீட்டர்! இலங்கைத் தீவின் மொத்தப் பரப்பே 65,610 தான்! கோடையில் குட்டிகள் வளையில் இருக்கும்போதோ, அதே ஓநாயின் நடமாட்டம் இதில் ஒரு சிறு துண்டாகச் சுருங்கிவிடும்.

எல்லையோரம் எவ்வளவு ஆபத்தானது தெரியுமா? அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பிற ஓநாய்கள் கடித்துக் கொன்ற ஓநாய்களில் 91 சதவீதம் எல்லைக்கோட்டிலிருந்து 3.2 கிலோமீட்டருக்குள் செத்தவை! அதனால் இரு கூட்டங்களும் அந்த விளிம்பில் வேட்டையாடத் தயங்கும். இதில் யாருக்கு லாபம்? மானுக்கு! சண்டைக்காரர்கள் இருவருக்கும் நடுவில் அது நிம்மதியாகப் புல் மேய்கிறது!

அடுத்து அதே அமெரிக்காவின் சிவப்பு ஓநாய். (நம் காட்டுச் செந்நாய் வேறு, இது வேறு.) 1980-இல் காட்டில் அறவே அழிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட விலங்கு இது! கூண்டில் வளர்த்த வெறும் 14 ஓநாய்களின் வழித்தோன்றல்கள்தான் இன்றிருக்கும் அத்தனையும்! 1987-இல் வட கரோலினாவின் அலிகேட்டர் ரிவர் சரணாலயத்தில் திறந்துவிட்டார்கள். இன்றும் உலகில் அவை சுதந்திரமாகத் திரிவது அந்த மாநிலத்தின் கிழக்கோரத்தில் மட்டுமே.

அதன் எல்லை எதைப் பொறுத்தது தெரியுமா? கல்யாணத்தை! துணையும் சொந்த இடமும் கிடைத்த ஓநாய்க்குச் சுமார் 70 சதுர கிலோமீட்டர் போதும். துணை தேடி அலைகிற ஒண்டிக்கட்டையோ 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறது! அத்தனை தூரமும் சாலை கடந்து, வேட்டைத் துப்பாக்கிகளுக்கு நடுவே போக வேண்டும். ஓட்டுநர் கண்ணிலும் வேட்டைக்காரர் கண்ணிலும் பளிச்சென்று படட்டும் என்று கழுத்தில் ஆரஞ்சு நிறப் பட்டை மாட்டிவிடுகிறார்கள்!

சிவப்பு ஓநாய்க்கான காலி இடத்தைக் காக்க அங்கே ஒரு தந்திரம் செய்தார்கள். அசந்துபோவீர்கள்! கொயோட் என்ற சிறிய காட்டுநாய் சிவப்பு ஓநாயோடு கலந்து கலப்பினக் குட்டிகள் போட்டுவிடும். அதனால் சில கொயோட்களைப் பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் விட்டார்கள். ஹார்மோன்கள் அப்படியே இருக்கும். குட்டி மட்டும் பிறக்காது. அவை பிற கொயோட்களை உள்ளே விடாமல் நிலத்தைக் காத்து நிற்க, பின்னால் வரும் சிவப்பு ஓநாய் அவற்றைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்!

மறுபடி எத்தியோப்பியாவுக்கே வருவோம். மனிதன் ஓநாயின் எல்லையைச் சுருக்குவது எப்படி? அங்கே 3,200 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் இன்று விவசாய நிலம்! பார்லி வயல் மேலேற மேலேற, ஓநாயும் மேலேறுகிறது. உச்சிக்குப் பிறகு எங்கே போகும்? நாய்களுக்குத் தடுப்பூசி, வயலுக்கு ஒரு வரம்பு. இந்த இரண்டும் தவறாமல் நடந்தால்தான் பாலே மலையின் அந்த 6 சதுர கிலோமீட்டர் ராஜ்ஜியங்கள் நிலைக்கும்!