தாயின் கையெழுத்தும் செல்லும்
- அகதி முகாமிலிருந்து திரும்பிய பிள்ளைகளின் கல்வி

"தகப்பன் இல்லாமல் இவளுக்குப் பிரஜாவுரிமை எடுக்கேலாதாம் தங்கச்சி. அது இல்லாட்டில் சோதினையும் எழுதேலாதாம். பிறகென்னத்துக்குப் பள்ளிக்கூடம் எண்டு மறிச்சுப்போட்டன்."

மன்னார் மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமமொன்றில், 2018ஆம் ஆண்டு ஒரு தாய் எம்மிடம் கூறிய வார்த்தைகள் இவை. தமிழக முகாமொன்றில் பல வருடங்கள் வாழ்ந்து, தற்காலிகப் பயணப் பத்திரத்துடன் ஊர் திரும்பியிருந்தார். மகள் 2004இல் முகாமிலே பிறந்தவள். பிள்ளைக்கு ஒரு வயதாகும் முன்னரே, ஊர் நிலைமையைப் பார்த்துவருவதாகக் கூறிப் புறப்பட்ட கணவர் பற்றி அதன்பின் எந்தத் தகவலும் இல்லை. தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை ஒழுங்காகப் படித்த அந்தப் பிள்ளை, சொந்த மண்ணுக்கு வந்தபின் நான்கு மாதங்களாக வீட்டில் இருந்தாள். அகதியாக இருந்தபோது கிடைத்த கல்வி, ஊருக்கு வந்ததும் நின்றுபோயிற்று.

அவருக்கு எவரோ சொன்னது பிழையான தகவல். ஆனால் அவரைப் போன்றே நினைத்துக்கொண்டிருக்கும் தாய்மார் பலரை நாம் சந்தித்திருக்கிறோம். ஆகவேதான் இதனை விரிவாக எழுத வேண்டியுள்ளது.

முகாமில் வளர்ந்த கல்வி

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் எமது மக்கள் தமிழகத்திற்கு அகதிகளாகச் செல்லத் தொடங்கினர். 1990இலும் 2006இலும் போர் மீண்டும் மூண்டபோது மேலும் பல ஆயிரம் பேர் படகேறினர். 2021ஆம் ஆண்டளவில்கூட நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்துவந்தனர். அந்த ஆண்டிலேதான் தமிழக அரசு அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது.

அந்த முகாம்களின் ஒற்றை அறை வீடுகளில் வாழ்ந்துகொண்டே எமது பிள்ளைகள் அரச பாடசாலைகளுக்குச் சென்றனர். 1984இல் உருவான ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளும், முகாமில் இருந்த படித்த இளைஞர் யுவதிகளும் பிள்ளைகளின் படிப்புக்குத் துணைநின்றனர். காணியையும் வீட்டையும் இழந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்பு மாத்திரமே எடுத்துச்செல்லக்கூடிய சொத்தாக இருந்தது. அதனை ஊர் திரும்பிய பின்னர் இழக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டில் பிறந்த பிள்ளை இலங்கைப் பிரஜையாவதற்கு, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் அதன் பிறப்பைப் பதிவுசெய்ய வேண்டும். முன்னர் இச்சட்டம் திருமணமான பெற்றோரின் பிள்ளைக்குத் தந்தையின் பிரஜாவுரிமையையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதனை மாற்றியது. தாய், தந்தை இருவரில் எவர் இலங்கைப் பிரஜையாக இருந்தாலும் அவர் வழியாகப் பிள்ளைக்கு உரிமை உண்டு. கணவரை இழந்த, பிரிந்த, தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் இதனை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். தாயின் கையெழுத்தும் செல்லும்.

பிறந்து ஒரு வருடத்திற்குள் பதிவு செய்வதே முறையாயினும், பிந்தியவர்களும் விண்ணப்பிக்கலாம். தமிழகத்தில் இருப்போர் சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர் ஸ்தானிகர் அலுவலகத்திலும், திரும்பி வந்தோர் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவிலும் இதனைச் செய்யலாம். பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். உங்கள் பிறப்புப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பிறப்பே பதியப்படாதிருந்தால் காலங்கடந்த பதிவுக்கும் வழியுண்டு.

பத்திரம் வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை. எமது நாட்டில் கட்டாயக் கல்வி வயது 2016ஆம் ஆண்டிலிருந்து 5 முதல் 16 வரையாகும். இந்தியப் பாடசாலையின் மாற்றுச் சான்றிதழையும், கிராம அலுவலரின் வதிவிடக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அதிபரிடம் செல்லுங்கள். அங்கு சரிவராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்திற்குச் செல்லுங்கள். பிள்ளை படித்துக்கொண்டிருக்கட்டும், பத்திர வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் அதனைப் பின்போடக் கூடாது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்பையும் பிரஜாவுரிமையையும் காட்ட வேண்டும். தரம் பதினொன்றில் ஓடித்திரிவதைவிட, தரம் எட்டில் தொடங்குவது நல்லது.

வகுப்பறைக்குள் ஒரு புதிய ஊர்

பாடசாலையில் சேர்த்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடுவதில்லை. அங்கே 'நோட்டு', இங்கே 'கொப்பி'. அங்கே 'ஷூ', இங்கே 'சப்பாத்து'. வாய் திறந்தால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பாடத்திட்டமும் வேறு. அங்கே பத்தாம் வகுப்பில் அரச தேர்வு, இங்கே தரம் பதினொன்றின் முடிவில் சாதாரண தரம். வரலாற்றுப் பாடத்தில் தெரியாத அரசர்கள். இரண்டாம் மொழியாகச் சிங்களம். ஓர் எழுத்தும் பழக்கமில்லை. முகாமில் கெட்டிக்காரியாக இருந்தவள் இங்கே பின்வாங்கில் மௌனமாக இருக்கிறாள். இதனைப் படிப்பில் விருப்பமின்மை என்று எண்ணிவிடக் கூடாது.

மேலே கூறிய பிள்ளையைத் தரம் எட்டில் சேர்த்தார்கள். சகவயதினரைவிட ஒரு தரம் கீழே. "சின்னப் பிள்ளைகளோடை இருக்கமாட்டன்" என்று முதல் வாரம் அழுதாள். தாயும் தளர்ந்துபோய், தையல் பழக அனுப்புவோமா என்று கேட்டார். ஒரு தவணை பொறுத்துப் பாருங்கள் என்றோம். வகுப்பாசிரியை அயல்வீட்டு மாணவி ஒருத்தியை அவள் அருகில் இருத்தினார். இருவரும் மாலையில் ஒன்றாகச் சிங்கள எழுத்துப் பழகினார்கள். தாய் தனது பிறப்புப் பத்திரப் பிரதிக்காக மூன்று தடவை பிரதேச செயலகத்திற்கு நடந்தார். மகளின் பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வர ஒரு வருடத்திற்கு மேலாயிற்று.

2021ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்தில்தான் நடைபெற்றது. எரிபொருள் இல்லாத அந்நாட்களில் தாயே மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பரீட்சை நிலையத்திற்குச் சென்றார். பெரிய பெறுபேறு என்று கூறமுடியாது. கணிதத்தில் சித்தியடையவில்லை. அடுத்த முறை அதனை மீண்டும் எழுதித் தேறினாள். பதினான்கு வயதில் நின்றுபோயிருக்க வேண்டிய படிப்பு அது என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் பெறுமதி புரியும்.

அன்பான தாய்மாரே, திரும்பி வந்த குடும்பம் உங்கள் அயலில் இருக்கக்கூடும். காலையில் பாடசாலை மணி அடித்தபின்னும் வாசலில் நிற்கும் பிள்ளையைக் கண்டால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதனைப் பேசுங்கள். அலுவலகங்களுக்குத் தனியே போகத் தயங்கும் தாயோடு ஒருவர் கூடப் போங்கள். பத்திரங்களைப் பிரதியெடுத்து ஒரு பொலித்தீன் உறையில் வைத்து, இன்னொரு பிரதியை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஓடி ஓடிக் களைத்த நாம், அடுத்த தலைமுறையாவது ஓரிடத்தில் இருந்து படிக்க வழிசெய்வோம்.