புறக்கடைக் கோழிகளுக்குப் புளித்த தீனி

நம் கிராமங்களில் கோழி வளர்ப்பு தொன்றுதொட்டு நடைபெற்று வரும் ஓர் உபதொழிலாகும். இதற்குப் பெரிய முதலீடு வேண்டுவதில்லை; தனியே ஆள் அமர்த்த வேண்டுவதுமில்லை. வீட்டுப் பெண்கள் தம் பிற வேலைகளுக்கிடையே பத்துப் பதினைந்து கோழிகளைக் கவனித்துக்கொள்கின்றனர். முட்டை குழந்தைகளுக்கு உணவாகிறது. சேவலும் முட்டையும் விற்ற பணம் பெண்களின் கையிலேயே தங்கி, அவசரச் செலவுகளுக்கு உதவுகிறது. ஆகவே, வீட்டுக்குப் பத்துக் கோழிகள் என்பதை அற்பமாக எண்ணுதல் கூடாது.

தாம்பரம், வண்டலூர், சேலையூர், மேடவாக்கம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதிகளில் இத்தொழிலுக்கு அண்மைக் காலத்தில் ஓர் இடையூறு நேர்ந்துள்ளது. முன்பு இங்கு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தது. களத்துமேட்டில் சிந்திய நெல், வரப்பிலும் எருக்குழியிலும் கிடைத்த புழு பூச்சிகள், தோட்டத்துக் கீரை இவற்றைக் கொண்டே கோழிகள் பெரும்பாலும் வயிற்றை நிரப்பிக்கொண்டன. இன்று வயல்களில் பெரும்பகுதி வீட்டு மனைகளாக மாறிவிட்டது. மேய்ச்சல் குறையவே, கையால் இடும் தீனி கூடுகிறது. தீனி கூடவே செலவும் கூடுகிறது. செலவைக் குறைக்கும் பொருட்டுச் சிலர் உணவு விடுதிகளிலும் திருமண மண்டபங்களிலும் மிஞ்சிய சோற்றையும், கடைகளில் கழித்த தானியத்தையும் வாங்கி இடுகின்றனர்.

இந்நிலையில், தீனியை ஊறவைத்துப் புளிக்கச் செய்து கோழிகளுக்கு இடலாமா என்று பலரும் கேட்கின்றனர். இடலாம், அதனால் பயன் உண்டு. ஆயினும் புளிப்பு வேறு, அழுகல் வேறு, பூசணம் வேறு. இம்மூன்றையும் பிரித்தறியாதவர்க்கு இம்முறை நன்மைக்கு மாறாகத் தீமையே விளைக்கும். ஆகவே, இதன் தன்மையைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

புளிப்பு என்பது யாது?

புளித்தல் நமக்குப் புதிதன்று. இட்லி மாவு, பழைய சோறு, கம்பங்கூழ், தயிர் ஆகிய யாவும் புளிப்பினால் ஆவனவே. தானியத்தின் மேலும் தவிட்டிலும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இயற்கையாகவே உள்ளன. ஈரமும் வெப்பமும் கிடைத்தவுடன் அவை பெருகி, தானியத்திலுள்ள சர்க்கரைப் பொருளை அமிலமாக மாற்றுகின்றன. இதுவே புளிப்புச் சுவைக்குக் காரணம். அப்பொழுது வெளிப்படும் வாயுவே குமிழிகளாகத் தோன்றுகிறது.

இந்த அமிலம் ஒரு காவலாளியைப் போன்றது. அமிலத் தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலில் தூய நீர் 7 என்று கொண்டால், நன்கு புளித்த தீனி 4 முதல் 4.5 வரை இறங்கி நிற்கும். இவ்வளவு புளிப்பில் அழுகல் கிருமிகளும், கழிச்சலை உண்டாக்கும் கிருமிகள் பலவும் செழிக்க இயலாது.

நன்மைகள்

முதலாவது, தானியத்திலும் தவிட்டிலும் உள்ள மணிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ‘பைட்டேட்’ என்னும் பொருளுடன் பிணைந்து கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் கோழியின் குடலுக்கு மிகக் குறைவு. ஆகவே அச்சத்தில் பெரும்பகுதி எச்சத்தோடு வீணாகிறது. ஊறிப் புளிக்கும்போது இப்பிணைப்பில் ஒரு பகுதி தளர்ந்து, சத்து கோழிக்குக் கிடைக்கிறது. தவிட்டை மிகுதியாக இடும் நம் வீடுகளுக்கு இது முக்கியமானது.

இரண்டாவது, உலர்ந்த தவிட்டைக் கோழி சிதறுகிறது, காற்றும் கொண்டுபோகிறது. கூழாக இடுவதால் அந்த விரயம் குறைகிறது.

மூன்றாவது, அமிலத் தீனி குடலின் நலத்தைக் காக்கிறது. புளித்த நீர்த் தீனி உண்ட இறைச்சிக் கோழிகள் சால்மொனெல்லா கிருமிக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை என்று நெதர்லாந்து நாட்டில் நடைபெற்று 2003-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. முட்டைக் கோழிகளைக் கொண்டு டென்மார்க்கில் நடத்தி 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், புளித்த தீனியால் முட்டை ஓட்டின் தரம் உயர்ந்தது. ஆனால் முட்டைகளின் எண்ணிக்கை பெருகிவிடவில்லை. வளர்ந்த கோழிகளுக்குத் திடீரெனத் தீனியை மாற்றியதால் அவை ஒன்றையொன்று கொத்தி இறகைச் சேதப்படுத்தியதும் அதில் காணப்பட்டது. ஆகவே ‘முட்டை இரட்டிப்பாகும்’ என்று யாரேனும் கூறினால் நம்ப வேண்டா. இம்முறையைக் குஞ்சுப் பருவம் முதலே பழக்குவது நன்று என்பதையும் மனத்தில் கொள்க.

தயாரிக்கும் முறை

ஓரளவு மேய்ச்சலும் உள்ள வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தீனி கையால் இடுவதாகக் கொள்வோம். பத்துக் கோழிகளுக்கு 500 கிராம் ஆகிறது. அதனைப் பின்வருமாறு பிரித்துக்கொள்ளலாம்: அரிசி நொய் 200 கிராம், ஒன்றிரண்டாக உடைத்த கம்பு அல்லது சோளம் 100 கிராம், அரிசித் தவிடு 125 கிராம், கடலைப் புண்ணாக்கு 75 கிராம். இக்கலவையில் சுமார் 15 சதவிகிதம் புரதம் இருக்கும். எஞ்சிய தேவையைப் புழு பூச்சிகளும் கீரையும் ஈடுசெய்யும். மேய்ச்சலே இல்லாமல் அடைத்து வளர்ப்போருக்கு இந்த அளவு போதாது.

இவற்றுள் நொய், கம்பு, தவிடு ஆகிய மூன்றை மட்டுமே புளிக்க வைத்தல் வேண்டும். புண்ணாக்கைத் தீனி இடும் வேளையில் கலந்தால் போதும். புரதம் மிகுந்த பொருளைப் பானையில் நெடுநேரம் ஊறவிட்டால் சத்து சிதைவதற்கும் துர்நாற்றம் எழுவதற்கும் இடமுண்டு.

மண்பானை, பீங்கான் ஜாடி, உணவுப் பொருள் வைப்பதற்குரிய பிளாஸ்டிக் வாளி ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தலாம். அலுமினியப் பாத்திரமும் துத்தநாகம் பூசிய தகர வாளியும் ஆகா. அமிலம் உலோகத்தை அரித்துத் தீனியில் கலக்கச் செய்யும். 425 கிராம் தானியக் கலவைக்குச் சுமார் 650 மில்லி லிட்டர் நீர் விட்டுக் கிளறுக. குளோரின் கலந்த குழாய் நீராயின், முதல் நாள் இரவே அகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைத்துப் பின் பயன்படுத்துவது நல்லது. குளோரின் புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்களையும் தடுக்கும்.

முதல் முறை செய்யும்போது, உப்பிடாத நீராகாரம் அல்லது புளித்த மோர் ஒரு தம்ளர் சேர்க்கலாம்; அந்த அளவுக்கு நீரைக் குறைத்துக்கொள்க. அடுத்த முறை முதல், நன்றாகப் புளித்த பானையிலிருந்து ஒரு தம்ளர் எடுத்துப் புதுப் பானையில் விட்டால் போதும். இட்லி மாவுக்குப் பழைய மாவு சிறிது சேர்ப்பது போன்றதே இது. பானையின் வாயைத் துணியால் மூடித் தட்டு வைத்து, நிழலில் எலியும் ஈயும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். வாயு வெளியேற வேண்டுமாதலால் இறுக மூடுதல் கூடாது. நாளுக்கு இருமுறை கிளறுக. நீர் வற்றி மேற்பரப்பு காய்ந்திருந்தால் சிறிது நீர் தெளித்துக் கலக்குக.

நம் பகுதியின் வெப்பத்தில் இரண்டு நாட்களில் தீனி புளித்துவிடும். கோடையில் இன்னும் விரைவாகவும், மார்கழி, தை மாதங்களில் சற்றுத் தாமதமாகவும் புளிக்கும். இரண்டு பானைகள் இருந்தால் முறை வைத்து நாள்தோறும் புதுத் தீனி எடுக்கலாம். திங்களன்று காலை வைத்தது புதனன்றும், செவ்வாயன்று வைத்தது வியாழனன்றும் பயனாகும். குளிர் மாதங்களில் மூன்றாவது பானை ஒன்று வேண்டும். ஒவ்வொரு முறையும் பானையைக் கழுவி வெயிலில் உலர்த்துவது அவசியம்.

இடும் முறை

புளித்த தீனியைக் காலை வேளையில், அரை மணி நேரத்தில் கோழிகள் தின்று தீர்க்கும் அளவுக்கே இடுக. மிஞ்சியதை வெயிலில் விட்டு வைத்தல் கூடாது. அகற்றித் தொட்டியைக் கழுவிவிட வேண்டும். முதல் இரண்டு நாட்கள் வழக்கமான தீனியில் கால் பங்கு, அடுத்த சில நாட்கள் அரைப் பங்கு என ஒரு வார காலத்தில் படிப்படியாக மாற்றுக. கூழ்த் தீனி உண்ணும் கோழிக்கும் தூய குடிநீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது. உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கலத்தில் வைத்தால் கோழி தனக்கு வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். அதைப் புளிக்கும் பானையில் போடுதல் தவறு. கிளிஞ்சல் அமிலத்தை முறித்துவிடும். காவல் நீங்கிய தீனி விரைவில் கெடும்.

அழுகலும் பூசணமும்

நன்கு புளித்த தீனி இட்லி மாவைப் போலவோ பழைய சோற்று நீரைப் போலவோ இனிய புளிப்பு வாசனை வீசும். முடைநாற்றம், வழுவழுப்பு, பச்சை, கறுப்பு அல்லது இளஞ்சிவப்பு நிறப் பூசணம் இவற்றுள் எது தென்பட்டாலும் பானை முழுவதையும் கொட்டிவிட வேண்டும். மேலே உள்ளதை வழித்தெறிந்து அடியிலுள்ளதை இடுவது ஆபத்து. கொட்டியதைக் கோழி கிளறாதவாறு மண்ணில் புதைத்துவிடுக.

அழுகிய சோறு, இறைச்சிக் கழிவு ஆகியவற்றில் பாட்டுலினம் என்னும் கிருமி கொடிய நஞ்சை உண்டாக்கும். அதைத் தின்ற கோழி கழுத்துத் துவண்டு சாகும். விடுதிச் சோற்றில் கலந்துள்ள உப்பும், முக்கியமாகக் குஞ்சுகளுக்கு, நஞ்சாகும். ‘புளிக்க வைத்துவிட்டோம்’ என்பதால் இத்தகைய கழிவுகள் நல்ல தீனியாகிவிடமாட்டா.

பூசணம் இதனினும் வஞ்சகமானது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புலப்படாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, தீனியிற் கலந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணமே காரணம் எனத் தெரிந்தது. அந்த நஞ்சுக்கு ‘அஃப்ளடாக்சின்’ என்று பெயரிட்டனர். அது கல்லீரலைத் தாக்குவது. 1974-ஆம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட மக்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்நஞ்சு சமைக்கும் வெப்பத்தில் முற்றும் அழிவதில்லை. வீட்டுப் பானையின் புளிப்பும் இதை நீக்கும் என்று நம்புவதற்கில்லை. பூசணம் பிடித்த தானியத்தை மலிவாக வாங்கி, புளிக்க வைத்து இட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையே பூசணத்துக்கு ஏற்ற பருவம். அக்காலத்தில் புண்ணாக்கையும் தவிட்டையும் இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்கி வைக்க வேண்டா. மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாதவாறு பலகை மேல் அடுக்குக. வாங்கும்போது புண்ணாக்கை உடைத்துப் பார்த்து முகர்ந்து வாங்குக.

தடுப்பூசிக்கு ஈடில்லை

புளித்த தீனி மருந்தன்று. நம் கோழிகளைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போவது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் 1927-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டதால் இந்தியாவில் இதற்கு இப்பெயர் வழங்கலாயிற்று. இது வைரஸ் நோய். எந்தத் தீனியும் இதைத் தடுக்காது. தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் தடுப்பூசியும் அளிக்கச் செய்க. ஊரில் பத்து வீடுகள் போட்டு ஐந்து வீடுகள் போடாவிடின், நோய் அந்த ஐந்து வீடுகளின் வழியே நுழையும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

கால்நடை பராமரிப்புத் துறையின் தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளை முன்னரே தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ அறிவித்து, எல்லா வீட்டுக் கோழிகளும் வந்து சேரச் செய்வது பஞ்சாயத்து உறுப்பினர்களின் முதற்கடமை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தானியத்தையும் புண்ணாக்கையும் ஒன்றுசேர்ந்து வாங்கினால் விலையும் குறையும். தரத்தையும் பார்த்து வாங்க இயலும். வீடுகள் நெருங்கிய இடங்களில் துர்நாற்றம் பற்றி அண்டை வீட்டாரிடையே சச்சரவு எழுவதுண்டு. முறைப்படி புளித்த தீனியில் முடைநாற்றம் இராது என்பதையும், நாற்றம் எழுந்தால் முறை தவறியது என்பதையும் எடுத்துக் கூறி உறுப்பினர்கள் இதைத் தீர்த்துவைக்கலாம். பயிற்சி வேண்டுவோர், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து காட்டுப்பாக்கத்தில் இயங்கிவரும் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

இம்முறையை மேற்கொள்ள விரும்புவோர் முதலில் ஒரு மாத காலம் சிறு அளவில் செய்து பார்ப்பது உத்தமம். நாள்தோறும் இட்ட தீனியின் எடையையும், கிடைத்த முட்டையின் எண்ணிக்கையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. முந்திய மாதக் கணக்கோடு ஒப்பிட்டால், தம் வீட்டில் இம்முறையால் இலாபம் உண்டா என்பது தாமே விளங்கும். நல்ல தானியம், சுத்தமான பானை, உரிய காலத்தில் தடுப்பூசி ஆகிய மூன்றையும் கடைப்பிடிக்கும் வீடுகளில், மேய்ச்சல் குறைந்த இக்காலத்திலும் கோழி வளர்ப்பு நஷ்டமின்றி நடைபெறும் என்பதில் ஐயமில்லை.